காலி என்று எழுதப்பட்ட மைதானம்

போன வாரம் சின்னவளுக்குச் சமூக அறிவியல் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தேன். நாடாளுமன்றத்தின் பணிகள் யாவை என்று ஒரு கேள்வி. சட்டம் இயற்றுதல், வரவு செலவுக்கு ஒப்புதல் தருதல், அரசின் செயல்களைக் கண்காணித்தல் என்று புத்தகத்தில் பதில் இருந்தது. கடைசி வரிக்கு வந்ததும் அவள் நிமிர்ந்து, "கண்காணித்தல்னா என்னப்பா? சிசிடிவி மாதிரியா?" என்று கேட்டாள். அடுத்த அறையிலிருந்து பெரியவன், "அப்பாவைப் போய்க் கேக்குறியே, அவரு பத்தாவதுதான்" என்றான்.

பத்தாவதுதான். நான் அதை யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் அந்தக் கண்காணித்தலை என் வண்டியில் ஏற்றி, ஏசி போட்டு, திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் ஒரு நாள் முழுக்க ஓட்டியவன் நான். அன்றைக்கு, பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் காலாண்டு லீவுக்கு மணப்பாறையில் மாமா வீட்டில் இருந்தீர்கள். அம்மா சொல்லிக் கொஞ்சம் கேட்டிருப்பீர்கள். அவள் சொன்னால், நான் எங்கெங்கே உளறினேனோ அதை மட்டும் விரிவாகச் சொல்லுவாள். அதனால் நானே எழுதி வைக்கிறேன்.

முதலில் இந்தக் கண்காணிப்பு என்ன என்று புரிய வேண்டும். நம் வீட்டுப் பழைய கிரைண்டர் ஞாபகம் இருக்கிறதா? அதை யாரும் உபயோகிப்பதில்லை என்று நினைத்து, நான் ஒரு நாள் போட்டோ எடுத்து விற்பனைக்கு என்று போனில் போட்டுவிட்டேன். யாரோ ஒருவர் எடுத்துப்போக வாசலுக்கே வந்துவிட்டார். அம்மா அவருக்கு மோர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு என்னைக் கேட்டாள். "யாரைக் கேட்டு விக்கிறீங்க? உபயோகம் இல்லைன்னு உங்களுக்கு யாரு சொன்னா? நீங்க வீட்ல இருக்கிற நேரத்துல நான் மாவு அரைச்சிருக்கேனா? எதுக்கு இந்த விலை?" வந்தவர் மோரைக் குடித்துவிட்டு, கிரைண்டர் இல்லாமலே போனார்.

அவ்வளவுதான் விஷயம். அரசாங்கத்துக்குச் சொந்தமான கம்பெனிகள், நிலங்கள், கட்டடங்கள் எல்லாம் நம் எல்லாருக்கும் பொதுவானவை. அதில் சிலதை விற்கலாம் என்று அரசாங்கம் முடிவு செய்யும். விற்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை, சும்மா கிடப்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் சும்மா கிடக்கிறது என்று யார் சொன்னது, யாரைக் கேட்டார்கள், விலை சரியா என்று கேட்க ஆள் வேண்டும். அதற்காக நாடாளுமன்றத்தில் எல்லாக் கட்சி உறுப்பினர்களும் இருக்கிற குழுக்கள் உண்டு. அதிகாரிகளை உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். சில சமயம் நேரிலேயே வந்து பார்ப்பார்கள். அப்படி ஒரு குழு நம் மைதானத்தைப் பார்க்க வந்ததுதான் இந்தக் கதை.

மன்னார்புரத்திலிருந்து கே.கே. நகர் போகிற வழியில் இருக்கிற நம் மைதானம், மத்திய அரசுக் கம்பெனி ஒன்றுக்குச் சொந்தம். ஒரு காலத்தில் அங்கே அவர்களுடைய இரும்புக் கம்பங்களை அடுக்கி வைக்கிற கிடங்கு இருந்தது. கிடங்கை இடித்த பிறகு வெறும் தரை. கேட்டுக்கு ஒரு வாட்ச்மேன் உண்டு, ஆனால் கேட்டை அவர் பூட்டி யாரும் பார்த்ததில்லை. காலையில் வாக்கிங், சாயங்காலம் கிரிக்கெட், ஓரத்தில் துணிக்கொடி, வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி, மீதி இடத்தில் ஆடு. இதற்கு நடுவில்தான் உங்கள் அம்மாவின் ஸ்கூட்டி கிளாஸ். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத டீச்சர், நர்ஸ், கடையில் நிற்கிற பெண் என்று எத்தனையோ பேரை அவள் அங்கேதான் ரோட்டுக்குத் தயார் செய்து அனுப்பியிருக்கிறாள்.

இந்த இடத்தைக் கம்பெனி தன் விற்பனைப் பட்டியலில் "பயன்பாடு இல்லாத காலி இடம்" என்று எழுதிவிட்டது. சேதி தெரிந்த அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை.

"ரோட்ல எப்படிங்க கத்துக் குடுக்கறது? பின்னாடி பஸ்ஸு வந்து ஹாரன் அடிச்சா, நான் வண்டியைப் பிடிப்பேனா, அந்தப் பொம்பளையைப் பிடிப்பேனா?" என்றாள்.

"வேற மைதானம் பார்க்கலாம்" என்றேன்.

"எங்க இருக்கு, சொல்லுங்க. நீங்கதான் ஊரெல்லாம் வண்டி ஓட்டுறீங்களே."

யோசித்துப் பார்த்தேன். திருச்சி முழுக்க மனசுக்குள் ஒரு ரவுண்டு போய் வந்தேன். சொல்ல ஓர் இடம் கிடைக்கவில்லை. கிளாஸ் என்பது அவளுக்கு வருமானம் மட்டும் இல்லை. தெருவில் அவளை என் மனைவி என்று யாரும் சொல்லுவதில்லை. என்னைத்தான் ஸ்கூட்டி மிஸ் வீட்டுக்காரர் என்பார்கள்.

குழு வருகிறது என்று தெரிந்ததும் குடியிருப்போர் சங்கம் கூடியது. சங்கச் செயலாளர் பேங்கில் கேஷியராக இருந்து ரிட்டயர் ஆனவர், எதையும் கையெழுத்துச் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் செய்யமாட்டார். தீர்மானம் ரொம்பத் தெளிவாகத்தான் போட்டோம். இந்த மைதானம் காலி இல்லை, தினமும் எல்லாரும் உபயோகிக்கிறோம் என்று குழுவிடம் சொல்ல வேண்டும். செயலாளர் பேசுவார். அவ்வளவுதான். கூட்டம் முடிந்து எழுந்திருக்கும்போது யாரோ ஒருவர், "டெல்லியிலேர்ந்து வர்றாங்க. இடத்தை இப்படியா வெச்சிருக்கிறது?" என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதும் நம் ஆட்களுக்கு. நாலு பேர் வருகிற வீட்டில் பாயைச் சுருட்டி, துணியை அள்ளிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிற பழக்கம் நமக்கெல்லாம் ரத்தத்தில் இருக்கிறது. மறுநாள் கொடிக்கயிறுகளை அவிழ்த்தார்கள். கொடி கட்டிய கம்பங்களையும் பிடுங்கினார்கள். ஆடுகளை எடமலைப்பட்டி புதூரில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்கு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். இஸ்திரி வண்டியைப் பின் தெருவுக்குத் தள்ளினார்கள். கிரிக்கெட் ஆடுகிற இடத்தில் செம்மண் கொட்டி நிரவினார்கள். வாக்கிங் போகிறவர்களிடம், நாளைக்கு ஒரு நாள் வீட்டு மாடியிலேயே நடந்துகொள்ளுங்கள் என்று சொன்னார்கள். சுற்றிலும் பிளீச்சிங் பவுடரில் வெள்ளைக் கோடு போட்டார்கள். அம்மா கிளாஸுக்கு லீவு விட்டுவிட்டு, தென்னந்துடைப்பத்தால் டயர் தடத்தையெல்லாம் பெருக்கினாள். வாட்ச்மேன் ஜென்மத்தில் முதல் தடவையாகக் கேட்டுக்குப் பூட்டு வாங்கி வந்தார்.

நானும் சும்மா இல்லை. குழுவுக்கு வேன் ஓட்டுகிற வேலை எங்கள் டிராவல்ஸுக்கு வந்து, அது எனக்கே விழுந்தது. கடவுளே நமக்கு ஆள் போட்டுவிட்டார் என்று நினைத்து வண்டியைக் கழுவிக் கழுவிப் பெயிண்ட் போகிற அளவுக்குத் தேய்த்தேன்.

காலையில் ஏர்போர்ட்டில் ஏற்றினேன். குழுத் தலைவர் ஒரு வடநாட்டு அம்மா. வயதானவர், கைத்தறிப் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ. நம் ஊர் உறுப்பினர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தமிழை அவருக்கும், அவர் பேச்சை எங்களுக்கும் மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். இன்னும் சில உறுப்பினர்கள் பின்னால். எனக்குப் பக்கத்து சீட்டில் கம்பெனியின் மேலாளர், தமிழ்க்காரர்தான், கோட்டு போட்டு வியர்த்துக்கொண்டு.

மைதானத்துக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். பிள்ளைகளே, என் மைதானத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஒரு காகிதம் இல்லை, ஒரு மனிதர் இல்லை. துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. வெள்ளைக் கோட்டுக்கு நடுவில் செயலாளர் மட்டும் கையில் பொன்னாடையோடு நின்றார். அவரைப் பார்க்கவே, அந்த இடத்தை வாங்க வந்தவர் மாதிரி இருந்தது.

அவர் பேச்சு நன்றாகத்தான் இருந்தது. "இந்த மைதானம் எங்கள் பகுதியின் உயிர்மூச்சு" என்று ஆரம்பித்தார். நம் ஊர் உறுப்பினர் மாற்றிச் சொன்னார். தலைவர் அம்மா கேட்டுக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். உறுப்பினர் தமிழில் சொன்னார்.

"யாரெல்லாம் பயன்படுத்துறாங்கன்னு மேடம் கேக்குறாங்க."

"எல்லாரும்தாங்க."

"அவங்கல்லாம் எங்க?"

செயலாளர் பெருமையாக, "நீங்க வர்றீங்கன்னு எல்லாரையும் அப்புறப்படுத்திட்டோம் சார்" என்றார்.

உறுப்பினர் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். அதை எப்படி மாற்றிச் சொல்லுவது என்று அவருக்கே தெரியவில்லை போல. ஏதோ சொன்னார். தலைவர் அம்மா குனிந்து தரையைப் பார்த்தார், ஷூ நுனியால் லேசாகக் கீறினார். பிறகு, தான் பார்த்ததைத்தான் எழுத முடியும் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். கேட்டுக்கு வெளியே அம்மா நின்றிருந்தாள். அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். துடைப்பம் இன்னும் கையில் இருந்தது.

வேன் ஸ்ரீரங்கம் பக்கம் திரும்பியது. மேலாளர் பின்னால் திரும்பி, "எப்பவுமே இப்படித்தான் மேடம். நானே நேர்ல வந்து பார்த்திருக்கேன். ஒரு ஈ காக்கா இருக்காது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொன்னார். அது பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்குப் பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் சவாரிக்கு வந்தவர்கள் பேச்சில் டிரைவர் வாய் வைக்கக் கூடாது. அதனால் இருமினேன். மறுபடியும் இருமினேன்.

"என்ன டிரைவர், ஜலதோஷமா?" என்றார் நம் ஊர் உறுப்பினர்.

"இல்லைங்க சார், தூசி."

"எங்கய்யா தூசி? அந்த மைதானத்துல மருந்துக்குக்கூட ஒரு தூசி இல்லையே!"

நான் ஏசியைக் கூட்டி வைத்துவிட்டுக் காவிரிப் பாலத்தில் வண்டியை ஏற்றினேன்.

ஸ்ரீரங்கத்தில் அவர்களைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, சித்திரை வீதியில் நிழல் பார்த்து வண்டியைப் போட்டேன். அவர்களைக் கூட்டிப் போக வந்திருந்த கோயில்காரர் ஒருவர் சிறிது நேரம் கழித்து என்னிடம் வந்தார். "திருவாராதனம் ஆயிண்டிருக்கு. திரை சாத்தியிருக்கா. விலகினாத்தான் பெருமாள் சேவை. கொஞ்சம் நாழியாகும், உமக்கு ஒண்ணும் அவசரம் இல்லையே?" என்றார். உள்ளே பூஜை நடக்கிறது, அது முடிந்து திரை விலகினால்தான் தரிசனம் என்று அர்த்தம்.

"ஐயோ, இல்லைங்க சாமி. நிதானமா ஆகட்டும்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். என் வாழ்க்கையில் கூட்டமும் தாமதமும் வேண்டும் என்று நான் பெருமாளிடம் கேட்டது அன்றைக்குத்தான். உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"எல்லாத்தையும் திரும்பப் போட்டுடு" என்றேன்.

"என்னத்தை?"

"கொடி, ஆடு, இஸ்திரி வண்டி, குப்பை, எல்லாத்தையும்."

"குப்பையையா? நேத்து இடுப்பு ஒடியப் பொறுக்கினது. என்னங்க, வெயில்ல நிக்கிறீங்களா? தொப்பி போட்டுருக்கீங்களா?"

"விளையாடாத. காலியா இருக்குன்னு சொன்னாங்க, நாம அதைக் காலி பண்ணியே காட்டிட்டோம். சாயங்காலம் ஏர்போர்ட் போறப்ப அந்த வழியாத்தான் போவேன். கண்ணுல படுற மாதிரி எல்லாரும் இருக்கணும்."

"நடிக்கச் சொல்றீங்களா?" என்றாள்.

"நடிக்க வேண்டாம். தினமும் என்ன பண்றீங்களோ அதையே பண்ணுங்க."

தினமும் செய்வதையே செய்யுங்கள் என்று சொன்னால், நம் ஆட்களால் அது மட்டும் முடியாது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

மதியம் தில்லை நகரில் சாப்பாடு, அங்கேயே அதிகாரிகளோடு கூட்டம். அது முடிந்து வெயில் தாழ்ந்த பிறகு எல்லாரும் வண்டியில் ஏறினார்கள். ஏறியதும் தலைவர் அம்மா உறுப்பினரிடம் ஏதோ சொன்னார். உறுப்பினர் என் தோளைத் தட்டி, "டிரைவர், ஏர்போர்ட் போற வழியில அந்த மைதானத்துல இன்னொரு தடவை நிறுத்துங்க. மேடம் சாயங்காலத்துல பார்க்கணுமாம். யாருக்கும் முன்னாடியே சொல்ல வேண்டாம்" என்றார்.

மேலாளர், "காலையிலயே பார்த்துட்டோமே மேடம்?" என்றார்.

அந்த அம்மா சிரித்தார். மழை பெய்து முடிந்திருக்கிற மாதத்தில், யாரும் கால் வைக்காத நிலத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல் நிற்க வேண்டுமாம். அந்தத் தரை கல் மாதிரி கெட்டியாக இருக்கிறதே, அத்தனை கால்களும் எங்கே போயின என்று பார்க்க வேண்டுமாம். உறுப்பினர் இதைத் தமிழில் சொல்லச் சொல்ல நான் கண்ணாடியில் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் தானாகவே கண்டுபிடித்துவிட்டார். சும்மா விட்டிருந்தால் போதும். நான் அங்கே ஒரு கூட்டத்தையே தூண்டிவிட்டிருக்கிறேன். இப்போது நிறுத்தச் சொல்லவும் முடியாது, இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அது வண்டி ஸ்பீக்கரோடு தானாகச் சேர்ந்துகொள்கிற போன். வேன் முழுக்க உங்கள் அம்மாவின் குரல்.

"என்னங்க, எல்லாரும் பட்டுப் புடவை கட்டிக்கலாமான்னு கேக்குறாங்க. கட்டிக்கட்டுமா?"

நான் பாய்ந்து போனை அணைத்தேன். தலைவர் அம்மா, அது என்ன என்று கேட்டார். நம் ஊர் உறுப்பினர் என் பிடரியையே பார்த்துக்கொண்டு நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னார். அதில் எனக்குப் புரிந்தது 'சாரி' என்பது மட்டும்தான். ஏதோ வீட்டு விவகாரம் என்று சொல்லியிருப்பார். அந்த மனுஷன் எந்தக் கட்சி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எந்தக் கட்சியாக இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

மைதானம் வந்தது. திருவிழா என்றால் திருவிழா. கேட்டுக்கு மேலே புத்தம் புது ஃபிளெக்ஸ், "தினமும் பயன்படும் மைதானம், வருகை தரும் குழுவினரை வருக வருக என வரவேற்கிறோம்" என்று. கூடவே கும்பிட்டபடி செயலாளரின் படம். உள்ளே பெண்கள் எல்லாரும் பட்டுப் புடவையில் வாக்கிங் போனார்கள். அதுவும் ஊர்வலம் மாதிரி வரிசையாக. கிரிக்கெட்டில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்று சொல்ல முடியாது, எல்லாருமே ஃபீல்டிங். ஆடுகள் புதூரிலிருந்து திரும்பியிருந்தன. நெற்றியில் குங்குமம். செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டி, வலையும் இல்லாமல் எதிராளியும் இல்லாமல் ஷட்டில் அடித்துக்கொண்டிருந்தார். இஸ்திரி வண்டிக்காரர் ஒரே சட்டையைத் திரும்பத் திரும்பத் தேய்த்ததில் அது அப்பளம் மாதிரி ஆகியிருந்தது.

தலைவர் அம்மா நேராகத் துணிக்கொடிக்குப் போனார். தொங்கிய ஒரு சுடிதாரைத் தொட்டுப் பார்த்தார். ஈரமே இல்லை. கடையில் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. கழுத்துப் பக்கம் விலை அட்டை ஆடியது. அவர் அந்த அட்டையைத் திருப்பி உறுப்பினரிடம் காட்டினார். உறுப்பினர் மூக்கைச் சொறிந்தார்.

"காலையில ஒருத்தரும் இல்லை, இப்ப திருவிழா. ரெண்டுல எதை நம்புறதுன்னு கேக்குறாங்க" என்றார்.

ஷட்டில் மட்டை செயலாளர் முதுகுக்குப் பின்னால் போனது. மேலாளர் உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரமாக வந்தது, ஆனால் யார் மேல் கோபப்படுவது? உங்கள் அம்மா கல்யாணப் புடவையில் ஓரமாக நின்றாள். எல்லாம் முடிந்தது என்று அவள் நினைப்பது, இத்தனை தூரத்திலிருந்தும் எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் கேட்டைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். தில்லை நகர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ், அம்மாவிடம் வண்டி பழகுகிறவள். ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தாள், தலையில் அப்போதே ஹெல்மெட். இந்தச் சாயங்காலக் கலாட்டா எதுவும் அவளுக்குத் தெரியாது. ஃபிளெக்ஸைப் படிக்கவும் இல்லை. நேராக அம்மாவிடம் வந்து கத்த ஆரம்பித்தாள்.

"என்ன மிஸ் நீங்க, காலையில டூட்டி முடிச்சுத் தூங்காமக்கூட ஓடி வரேன், கேட்டைப் பூட்டிட்டு விரட்டுறாங்க! டெல்லியிலேர்ந்து யாரோ வராங்களாம். யாரு மிஸ் அவங்க, வானத்துலேர்ந்து குதிச்சவங்களா? எனக்கு வெள்ளிக்கிழமை லைசென்ஸ் டெஸ்ட்டு! அவங்களா வந்து ஓட்டுவாங்க?"

"ஏய், மெதுவா..." என்றாள் அம்மா.

"என்ன மெதுவா? ஒரு நாள் கிளாஸ் போச்சு. நீங்க ஏன் மிஸ் பட்டுப் புடவையில இருக்கீங்க? யாருக்குக் கல்யாணம்?"

சொல்லிக்கொண்டே அவள் சுற்றிப் பார்த்தாள். கைத்தறிப் புடவையும் கேன்வாஸ் ஷூவுமாக நின்ற தலைவர் அம்மா அவள் கண்ணுக்கு வாக்கிங் வந்தவராகத் தெரிந்திருக்கிறார். "அம்மா, கொஞ்சம் இதைப் பிடிங்க" என்று கைப்பையையும் டிபன் கூடையையும் அவர் கையில் திணித்துவிட்டு, ஓரத்தில் நின்ற கிளாஸ் ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரர் ஓடி வந்தார். அந்த அம்மா கூடையை அணைத்துக்கொண்டு, சும்மா இரு என்று கண்ணாலேயே அவரை நிறுத்தினார்.

வண்டி கிளம்பியது. கோபத்தில் கிளம்பியதால் கொஞ்சம் வேகமாகவே கிளம்பியது. ஆடுகள் சிதறின. பட்டுப் புடவை ஊர்வலம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. உங்கள் அம்மா எம்.பி.யையும் மறந்தாள், கல்யாணப் புடவையையும் மறந்தாள். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு வண்டிக்குப் பின்னாலேயே ஓடினாள்.

"பிரேக்கைப் பிடி! பிரேக்கு! ஹாரன் இல்லடி, பிரேக்கு! என்னைத் திரும்பிப் பார்க்காத, முன்னாடி பாரு! முன்னாடி!"

முன்னாடி மேலாளர் நின்றார். கோட்டோடு அவர் ஓடிய ஓட்டத்தை நான் மறக்கவே மாட்டேன். வண்டி அவரை விட்டுவிட்டுக் கேட்டுப் பக்கம் போய், ஒரு பக்கம் கட்டு அவிழ்ந்து கீழே தொங்கிய ஃபிளெக்ஸுக்குள் புகுந்து நின்றது. செயலாளர் முகம் நடுவில் கிழிந்து, அதற்குள்ளிருந்து ஹெல்மெட் எட்டிப் பார்த்தது. அடி ஒன்றும் இல்லை. "மிஸ், நின்னுடுச்சு மிஸ்! நானே நிறுத்திட்டேன்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

தலைவர் அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கைப்பையைத் திருப்பிக் கொடுக்கப் போனவர், அவளிடம் உறுப்பினர் மூலமாகக் கேட்டார். எத்தனை காலமாக வருகிறாய், எந்த நேரத்தில் வருவாய், அந்த நேரத்தில் இங்கே வேறு யார் இருப்பார்கள் என்று. வந்தவர்கள் யார் என்று இப்போது தெரிந்துபோன அவள், ஹெல்மெட்டைக் கழற்றாமலே பதில் சொன்னாள். தினமும் வரும் வாக்கிங்காரர்களைக் கைகாட்டினாள். துணி காயும் இடத்தைக் காட்டி, அதில் ஒரு தடவை தான் வண்டியோடு சிக்கிக்கொண்டதைச் சொன்னாள். விரட்டியது யார் என்று கேட்டபோது மட்டும் தயங்கி, கிழிந்த ஃபிளெக்ஸைப் பார்த்தாள். அது போதுமானதாக இருந்தது.

தலைவர் அம்மா மேலாளரிடம் திரும்பினார். நீங்கள் எப்போது வந்து பார்த்தீர்கள் என்று கேட்டார்.

மேலாளர் மூச்சு வாங்கிக்கொண்டு, "சித்திரை மாசம் மேடம். மதியம்" என்றார்.

"அப்ப யாரு இருந்தான்னு மேடம் கேக்குறாங்க" என்றார் உறுப்பினர்.

"யாரும் இல்லை மேடம். அந்த வெயில்ல என்னாலயே இறங்க முடியலை. கார்ல ஏசி போட்டுக்கிட்டு உள்ளேர்ந்தே பார்த்தேன்."

நல்ல மனிதர். அதை அவர் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

கிளம்புவதற்கு முன் தலைவர் அம்மா உங்கள் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னதை உறுப்பினர் தமிழில் சொன்னார். "விக்கறதை நிறுத்துற அதிகாரம் எங்களுக்கு இல்லைம்மா. பார்த்ததை எழுதுவோம், கேள்வி கேப்போம். அரசாங்கம் பதில் சொல்லியாகணும். பதில் திருப்தியா இல்லைன்னா திரும்பவும் கேப்போம்."

"அது போதுங்க. நானும் வீட்ல அவ்வளவுதான் பண்றேன்" என்றாள் அம்மா. பிறகு, "மேடத்துக்கு ஸ்கூட்டி ஓட்டத் தெரியுமான்னு கேளுங்க சார். ரெண்டு வாரம் வந்தா பழக்கி விட்டுடுவேன்" என்றாள். உறுப்பினர் அதையும் மாற்றிச் சொன்னார். அந்த அம்மா ஸ்கூட்டியை ஒரு பார்வை பார்த்தார், ஃபிளெக்ஸை ஒரு பார்வை பார்த்தார், வேகமாக வந்து வேனில் ஏறிக்கொண்டார்.

சில மாதம் கழித்து அந்தக் குழுவின் அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். செயலாளர் அதை எங்கோ தேடிப் பிடித்து எங்களுக்கு வாசித்துக் காட்டினார். நம் மைதானத்துக்கு அதில் ஒரே ஒரு பத்தி. ஒரு நிலத்தைப் பயன்பாடு இல்லாதது என்று எழுதுவதற்கு முன், வெவ்வேறு நேரத்தில் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், சுற்றி இருப்பவர்களைக் கேட்க வேண்டும், இதை ஏன் செய்யவில்லை என்று அமைச்சகம் விளக்க வேண்டும். இவ்வளவுதான். பட்டுப் புடவையைப் பற்றி எதுவும் இல்லை என்று அம்மாவுக்கு நிம்மதி. விற்பனை ரத்து என்றும் எங்கேயும் இல்லை. கம்பெனி இந்த இடத்தை இப்போதைக்குப் பட்டியலிலிருந்து எடுத்து வைத்திருக்கிறது. நாளைக்கு மறுபடியும் சேர்க்கலாம். சேர்த்தால் மறுபடியும் கேட்பார்கள். கண்காணித்தல் என்றால் என்ன என்று கேட்டாயே, சின்னவளே, இதுதான். ஒரு தடவை கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற வேலை இல்லை.

மேலாளருக்குத்தான் பாவம், வேலை கூடிவிட்டது. வெவ்வேறு நேரத்தில் வந்து பார்த்து எழுத வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. போன வாரம் ஒரு நாள் சாயங்காலம் வந்தார். இந்தத் தடவை கோட்டு இல்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கலாம் என்று மைதானத்துக்கு நட்டநடுவில் போய் நின்றார். அம்மா கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு எட்டு போடப் பழக்குகிற நாள்.

"சார், அங்கயே நில்லுங்க! அசையாதீங்க!" என்று கத்தினாள். அவர் பயந்து அப்படியே நின்றுவிட்டார். வேப்பமரம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக இரண்டையும் சுற்றி எட்டு போட்டார்கள். அவர் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வண்டி கிட்டே வரும்போதெல்லாம் கண்ணை மூடித் திறந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "மேடம், இடம் பயன்பாட்டுல இருக்குன்னு நான் எழுதிக்கறேன். இப்ப போகலாமா?" என்று கேட்டார்.

"இன்னும் ரெண்டு பேரு பாக்கி இருக்காங்க சார்" என்றாள் அம்மா.